பொதுவாக என்றொரு வாய்க்கால் இல்லை

போன மாதம் தர்சினி தொலைபேசியில் அழைத்தாள். நான் பிரதேச செயலகத்தில் வேலை செய்த கடைசி வருடங்களில் என் பக்கத்து மேசையில் இருந்தவள். இப்போது நிர்வாக உத்தியோகத்தர்.

"அரசி அக்கா, வவுனியாவில ஒரு கலந்துரையாடல் இருக்கு. நீங்கள் கட்டாயம் வரவேணும்."

விபரம் கேட்டேன். அரசாங்கம் ஒரு முடிவு எடுக்கப் போகிறது என்று தெரிந்ததும் அதைத் தங்கள் பக்கம் திருப்ப அமைச்சரையும் அதிகாரியையும் தனியே போய்ச் சந்திக்கிறவர்கள் இருக்கிறார்கள் அல்லவா? லொபி பண்ணுகிறவர்கள் என்கிறார்கள். அவர்கள் இனித் தங்களைப் பதிய வேண்டும், யாருக்காக வந்தோம் என்று வெளியே சொல்ல வேண்டும் என்று ஒரு சட்டம் கொண்டுவர யோசனையாம். அதற்குக் கருத்துக் கேட்கிறார்களாம்.

"அதுக்கு நான் என்னத்துக்கு?"

"அந்தச் சிறுபோகக் கூட்டத்தைப் பற்றிச் சொல்லுங்கோ அக்கா. இப்ப வேலைக்கு வந்திருக்கிற பிள்ளையளுக்கு அது ஒண்டும் தெரியாது. வந்து சொல்லுங்கோ, பிறகு எழுதியும் தாங்கோ."

போனேன். குளிரூட்டிய மண்டபம், கதிரைகளுக்கு வெள்ளை உறை, ஆளுக்கொரு தண்ணீர்ப் போத்தல். கொழும்பிலிருந்து வந்த தம்பி ஒருவர் திரையில் படம் காட்டிக்கொண்டு, "யாருக்காகப் பேசுகிறோம் என்று முதலிலேயே அறிவிப்பது எங்கள் நாட்டுக்கு முற்றிலும் புதிய எண்ணக்கரு" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புதியதாம்! வன்னியில் எழுத்து வாசிக்கத் தெரியாத கமக்காரன்கூட இதைச் செய்துகொண்டிருந்தான். நாங்கள்தான், படித்த நாங்கள்தான், அதை நாசமாக்கினோம். அங்கே ஆளுக்கு ஐந்து நிமிடம்தான் தந்தார்கள். மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

நான் எழுதுவினைஞராகச் சேர்ந்த கதை, இடம்பெயர்ந்து போய் மரத்தடியிலும் தறப்பாளுக்குக் கீழும் கந்தோர் நடத்திய கதை எல்லாம் என்னைப் போல இந்தப் பக்கத்தில் வேலை செய்த எல்லோரிடமும் இருக்கிறது. திரும்பி வந்தபின் எனக்கு விவசாயக் கிளை கிடைத்தது. எந்த ஊர் என்று சொல்ல மாட்டேன். விசுவமடுவுக்கும் கனகராயன்குளத்துக்கும் இடைப்பட்ட காட்டில் எத்தனையோ குளங்கள் இருக்கின்றன, அதில் ஒன்று. என் வேலையில் முக்கியமானது, போகத்துக்கு ஒரு தரம் நடக்கிற பயிர்ச்செய்கைக் கூட்டத்தை ஒழுங்கு செய்வது.

கூட்டம் இப்படித்தான் நடக்கும். பாடசாலை மண்டபத்தில் குளத்துக் கமக்காரர் எல்லோரும் கூடுவார்கள். பிரதேச செயலாளர் தலைமை. நீர்ப்பாசனப் பொறியியலாளர் எழுந்து குளத்தில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது, அது எத்தனை ஏக்கருக்குக் காணும் என்று சொல்வார். பிறகு துருசு திறக்கிற நாள், அதாவது குளத்து மடையைத் திறந்து தண்ணீர் விடுகிற நாள், மாடுகளை அப்புறப்படுத்துகிற நாள், விதைப்பு முடிக்க வேண்டிய நாள். ஒவ்வொன்றுக்கும் கை உயர்த்தி முடிவெடுப்பார்கள். எழுந்து பேசுகிறவர் யாராக இருந்தாலும் முதலில் மூன்று விடயம் சொல்ல வேண்டும். பெயர், எந்த வாய்க்கால், காணி சொந்தமா குத்தகையா. குத்தகை என்றால் யாருடைய காணி என்பதும் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பேச்சு இல்லை.

ஏன் இந்த வழக்கம் என்று யாரும் விளக்கியதில்லை, விளங்காதவனும் இல்லை. துருசுக்குக் கிட்ட இருக்கிற முதலாம் வாய்க்கால்காரன் துருசைப் பிந்தித் திற என்றால் அது ஒரு கதை. எல்லோருக்கும் பிறகு தண்ணீர் போய்ச் சேருகிற கடைசி வாய்க்கால்காரன் அதையே சொன்னால் வேறு கதை. ஆள் எங்கே நிற்கிறான் என்று தெரிந்தால்தான் அவன் சொல்வதை எடைபோடலாம்.

நான் விவசாயக் கிளைக்கு வந்தபோது பிரதேச செயலாளராக இருந்தவர் கனகசபை சேர். நல்ல மனிதர் என்று எழுத எனக்கு மனம் வராது. வாயைத் திறந்தால் ஏச்சு. நாங்கள் எழுதிக் கொடுப்பதை மூக்குக்கு மேல் பிடித்துப் பார்த்துவிட்டு, "பிள்ளை, இதைத் தமிழில எழுதித் தாரும்" என்பார், தமிழில் எழுதியதைத்தான். ஆனால் அவருடைய அறைக் கதவு ஒரு நாளும் சாத்தியதில்லை. பெரிய செங்கல் ஒன்றை முட்டுக் கொடுத்து வைத்திருந்தார். உள்ளே யார் என்ன பேசினாலும் வெளியே வாங்கில் குந்தியிருக்கிற சனத்துக்குக் கேட்கும். குரலைத் தாழ்த்தி யாராவது பேசத் தொடங்கினால், "எனக்குக் காது மந்தம், சத்தமாச் சொல்லும்" என்பார். அவருடைய காதில் ஒரு குறையும் இருக்கவில்லை. பக்கத்து அறையில் நான் கொறிக்கிற கச்சானின் சத்தத்துக்கும் ஏச்சு வாங்கியிருக்கிறேன்.

ஒரு செத்தவீட்டில் நான் பக்கத்தில் இருந்தபோது அவருடைய மைத்துனர் வந்து காதோடு, "அத்தான், அந்த இடதுகரை வாய்க்கால் விசயம்..." என்று தொடங்கினார். சேர் திரும்பியும் பார்க்கவில்லை. "கூட்டத்தில எழும்பிச் சொல்லும். இப்ப தேத்தண்ணியைக் குடியும்" என்றார். மைத்துனரின் முகம் செத்துப்போயிற்று. பிறகு அவர்கள் இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்தே நின்றுபோனதாகக் கேள்வி.

இன்னொரு தரம் கூட்டத்தில் ஒரு உர வியாபாரி எழுந்தார். இந்தமுறை துருசை முந்தித் திறந்தால் எல்லோருக்கும் நல்லது என்று நீட்டி முழக்கினார்.

"எந்த வாய்க்கால்?" என்று கேட்டார் சேர்.

"இல்லை சேர், நான் பொதுவாச் சொல்லுறன்."

"பொதுவா எண்டொரு வாய்க்கால் இந்தக் குளத்தில இல்லை. இருங்கோ."

மண்டபம் சிரித்து ஓய வெகுநேரம் ஆனது. வியாபாரி வாங்கில் இருந்துவிட்டார். தன் கடையில் உரம் வந்து இறங்கிக் கிடந்ததால்தான் அவசரப்பட்டதாகப் பிறகு அவரே சொல்லிச் சிரித்தார். அதில் ஒரு குற்றமும் இல்லை. அதை எழுந்து நின்று முதலே சொல்லியிருக்கலாம், அவ்வளவுதான்.

கனகசபை சேர் ஓய்வு பெற்றுப் போனார். புதிதாக வந்தவர் இளம் வயது, நல்ல மரியாதை. என்னை "அக்கா" என்றுதான் கூப்பிடுவார். கடைசி சிற்றூழியருக்கும் வணக்கம் சொல்வார். வந்த புதிதிலேயே அவருடைய அறைக்குக் குளிரூட்டி பொருத்தினார்கள். செங்கல் போயிற்று, கதவு சாத்தியாயிற்று. திறந்து வைத்தால் குளிர் வெளியே போய்விடுமாம். வாங்கில் இருந்த சனத்துக்குக் கதவின் பலகை மட்டும் தெரிந்தது.

இனி நடந்ததைச் சொல்ல ஒரு வழக்கத்தை விளக்க வேண்டும். மழை குறைந்து குளம் அரைவாசியும் நிறையாத வருடங்களில், கோடையில் குளத்துத் தண்ணீரை நம்பிச் செய்கிற சிறுபோகத்துக்கு எல்லா வயலுக்கும் தண்ணீர் காணாது. அப்போது துருசுக்குக் கிட்ட உள்ள மேல் வயல்களில் மட்டும் விதைப்பது. ஆனால் அந்த வயல்களைக் குளத்துக் கமக்காரர் எல்லோருக்கும் பங்கு பிரிப்பது. மேல் வயலின் சொந்தக்காரன் தன் காணியில் ஒரு துண்டைக் கடைசி வாய்க்கால்காரனுக்கு அந்த ஒரு போகத்துக்கு விட்டுக்கொடுப்பான். உறுதி, ஒப்பந்தம் ஒன்றும் கிடையாது. குளம் எல்லோருக்கும் சொந்தம் என்பதுதான் அதன் அர்த்தம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இந்தக் குளத்தடியில் குடியேறிய தலைமுறையிலிருந்து அப்படித்தான்.

யோகம்மா கடைசி வாய்க்கால். கணவர் இல்லை, இரண்டு பெண்பிள்ளைகள். காலபோகத்தில் மழையை நம்பித் தன் வயலை விதைப்பாள். சிறுபோகத்தில் மேலே கிடைக்கிற பங்குத் துண்டுதான் அடுத்த காலபோகம் வரை அந்த வீட்டுச் சோறு. புதியவர் வந்தபின் குளம் அரைவாசியும் நிறையாத அந்த வருடமும் அவள் விதைநெல்லைத் துப்புரவாக்கி வைத்துவிட்டுத்தான் கூட்டத்துக்கு வந்திருந்தாள்.

கூட்டத்துக்கு முன்பு ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர் பல தடவை செயலகத்துக்கு வந்து போனார். அந்தப் பகுதிப் பாடசாலையை இடம்பெயர்வுக்குள்ளும் விடாமல் நடத்தியவர். கூட்டத்துக்கு வருகிற ஆண்களில் பாதிப் பேர் அவரிடம் படித்தவர்கள், அடி வாங்கியவர்கள். அவர் வந்தால் பிரதேச செயலாளர் எழுந்து வாசல்வரை வந்து கூட்டிப்போவார். கதவு சாத்தப்படும். கோயில் விடயமாக வருகிறார் என்று நாங்கள் நினைத்தோம்.

கூட்டத்தன்று அவரை மேடையில் கண்டேன். பயிர்ச்செய்கைக் கூட்டத்துக்குப் பிரதம விருந்தினர்! அப்படி ஒன்றை என் சேவைக் காலத்தில் கண்டதில்லை. பொன்னாடை போர்த்தினார்கள். பிரதேச செயலாளர் ஒலிவாங்கியைப் பிடித்து, "ஐயா அவர்களுக்கு அறிமுகம் தேவையில்லை" என்றார்.

எங்கள் மேடைகளில் ஆயிரம் தடவை கேட்ட வசனம். கலியாண வீட்டிலும் பரிசளிப்பிலும் அது மரியாதை. அந்தக் கூட்டத்தில் அது எங்கள் கழுத்தில் வைத்த கத்தி. ஏனென்றால் அங்கே நடக்க வேண்டியதே அறிமுகம் ஒன்றுதான்.

ஐயா பேசினார். அழகாகப் பேசினார், அதை மறுக்க முடியாது. உலகம் மாறுகிறது, நாமும் மாற வேண்டும் என்றார். வெளியிலிருந்து ஒரு கம்பனி வருகிறது, மேல் வயல்களை ஒரு போகத்துக்குக் குத்தகைக்கு எடுத்துச் சொட்டு நீர்ப்பாசனத்தில் வெள்ளரி செய்து வெளிநாட்டுக்கு அனுப்பப் போகிறது என்றார். துண்டு துண்டாகப் பங்கு பிரித்தால் அது சரிவராது, இந்த ஒரு முறை மட்டும் பங்கு வேண்டாம், கடைசி வாய்க்கால்காரருக்கு அங்கேயே கூலி வேலை கிடைக்கும் என்றார். "எங்கள் பிள்ளைகளின் எதிர்காலத்துக்காக, பொதுவாகச் சொல்கிறேன்" என்று முடித்தார்.

பொதுவாக! கூட்டக் குறிப்பு எழுத நானும் மேடையில்தான் இருந்தேன். குனிந்து பிரதேச செயலாளரின் காதில், "சேர், ஐயாவும் எந்த வாய்க்கால், ஆருக்காக எண்டு சொல்லவேணும். அதுதான் இஞ்ச வழக்கம்" என்றேன்.

"என்னக்கா நீங்கள்? ஐயாட்டப் போய் அதைக் கேக்கிறதோ? வெக்கக்கேடு."

அப்போது பின் வரிசையில் யோகம்மா எழுந்தாள்.

"யோகம்மா. கடைசி வாய்க்கால். சொந்தக் காணி" என்றாள், வழக்கப்படி. "ஐயா கோவிக்கக்கூடாது. நான் ஐயாட்டப் படிக்கேல்லை, அதாலதான் எனக்குக் கேக்க வாய் வருது. ஐயாவுக்கு எந்த வாய்க்கால்? ஆருக்காகக் கதைக்கிறியள்?"

மண்டபம் சீறிற்று. "இரடி, இரு" என்றார்கள். "ஆரோட கதைக்கிறாய் எண்டு தெரியுமே?" என்றான் ஒருவன். பிரதேச செயலாளர், "அம்மா, மரியாதையாக் கதையுங்கோ" என்றார். அவள் மரியாதையாகத்தான் கதைத்தாள். அந்த மண்டபத்தில் முறைப்படி பேசியவளே அவள் ஒருத்திதான்.

ஐயா சிரித்தார். "பிள்ளை, நான் எல்லா வாய்க்காலுக்காகவும்தான் கதைக்கிறன்" என்றார். கைதட்டல்.

நான் பொறுக்காமல் என் முன்னால் இருந்த ஒலிவாங்கியின் பொத்தானை அமத்தி, "கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் வரேல்லை" என்றேன். பிரதேச செயலாளர் என்னைப் பார்க்காமலே, "அடுத்தது, மாடு அப்புறப்படுத்துற திகதி" என்றார். மாட்டுக்கு நாள் குறித்தபின் பங்கு வேண்டாம் என்பதற்குக் கை உயர்த்தச் சொன்னார்கள். மேல் வயல்காரர் உயர்த்தினார்கள். மற்றவர்கள் ஐயாவின் முகத்தைப் பார்த்து உயர்த்தினார்கள். பங்கை இழக்கப்போகிற கடைசி வாய்க்கால் ஆண்களும் பழைய மாணவர்கள் அல்லவா, அவர்களும் உயர்த்தினார்கள்.

கூட்டம் முடிந்து யோகம்மா சைக்கிளைப் பிடித்தபடி பாடசாலை வாசல் படலையடியில் நின்றாள்.

"அக்கா, நான் பிழையாக் கேட்டனானே?"

"இல்லை. சரியாத்தான் கேட்டனீ."

"அப்ப ஏன் எல்லாரும் என்னை அப்பிடிப் பாத்தவை? நான் ஏதோ ஐயாவைக் கள்ளன் எண்டு சொன்ன மாதிரி."

அதுதான் எங்கள் வியாதி. யாருக்காகப் பேசுகிறீர்கள் என்று கேட்டால் அதை ஒரு கேள்வியாக எடுக்க எங்களுக்குத் தெரியாது, ஏச்சாக எடுக்கிறோம். கேட்கிறவள் வயல்காரி, கேட்கப்படுகிறவர் வெள்ளை வேட்டி என்றால் இன்னும் மோசம்.

கம்பனியின் தோட்டத் திறப்பு விழாவுக்கு எங்களையும் அழைத்தார்கள். மேல் வயலில் பந்தல், பால் பொங்கல், நாடா வெட்டு. கூலிக்கு எடுத்த பெண்கள் எல்லோருக்கும் தேநீர் பரிமாறினார்கள். அவர்களில் யோகம்மாவும் இருந்தாள். பங்கு பிரித்திருந்தால் அன்று அவள் விதைத்துக்கொண்டிருக்கக்கூடிய அதே மண்ணில் தட்டத்தோடு நின்றாள்.

அறிவிப்பாளர் ஐயாவை மேடைக்கு அழைத்தார். இந்த முறை அறிமுகம் தேவைப்பட்டது. "எமது நிறுவனத்தின் ஆலோசகர், கடந்த வருடம் முதல் எமக்கு வழிகாட்டி, இப்பகுதி மக்களின் சம்மதத்தைப் பெற்றுத்தந்த பெருந்தகை" என்றார். மாலை போட்டார்கள். ஒளிவு மறைவு ஒன்றும் இல்லை. மேடையிலே, ஒலிபெருக்கியிலே, எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்கள். முந்திச் சொல்லியிருந்தால் சனம் யோசித்துக் கை உயர்த்தியிருக்கும். எல்லாம் முடிந்தபின் சொன்னால் அது புகழ்மாலை.

யோகம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். கையிலிருந்த தட்டத்தைக் குனிந்து அந்த வரம்பின்மேல் வைத்தாள். வைத்துவிட்டுப் போய்விட்டாள். அன்றைய கூலியையும் வாங்கவில்லை.

திரும்பி வரும்போது வாகனத்துக்குள் பிரதேச செயலாளரிடம் நேராகவே கேட்டேன். "சேர், இது உங்களுக்கு முதலே தெரியுமோ?"

"சத்தியமா இண்டைக்குத்தான் அக்கா தெரியும்."

அவர் பொய் சொல்லவில்லை என்றே இன்றும் நம்புகிறேன். என் கோபமே அதுதான். லஞ்சம் வாங்கியவர் என்றால் ஒரு முறைப்பாடு எழுதியிருப்பேன். இவர் ஒரு சதமும் வாங்கவில்லை. அத்தனை நாள் சாத்திய கதவுக்குள் எதிரே இருந்த மனிதரிடம், ஐயா, யார் உங்களை அனுப்பினார்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை, அவ்வளவுதான். கேட்பது மரியாதை இல்லையாம். ஒரு குளத்துச் சனத்தின் சோற்றை அந்த மரியாதைக்காகத் தாரை வார்த்தார். இதை அவருக்கும் அன்று வாகனத்துக்குள்ளேயே சொன்னேன். அடுத்த மாதம் என்னை வாகன வரி அனுமதிப்பத்திரக் கிளைக்கு மாற்றினார்கள். அங்கே முதல் வேலை, வருகிறவரிடம் வாகனம் யாருடையது என்று கேட்பது. மோட்டார் சைக்கிளுக்குக் கேட்கலாம், குளத்துக்குக் கேட்கக் கூடாது!

கம்பனி நிலைக்கவில்லை. வெள்ளரி எதிர்பார்த்தபடி வரவில்லையோ, வேறு இடம் வசதியாகக் கிடைத்ததோ தெரியாது. கறுப்புக் குழாய்களை வயலிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அவர்கள் போனது பெரிய விடயமல்ல. அடுத்த முறை குளம் வற்றியபோது கடைசி வாய்க்கால்காரர் பங்கு கேட்டார்கள். மேல் வயல்காரர், "போனமுறை ஐயாவே பங்கு வேண்டாம் எண்டவர்தானே" என்றார்கள். அதற்குப் பிறகு அந்தக் குளத்தில் பங்கு பிரிப்பு நடக்கவே இல்லை. எத்தனையோ வருட வழக்கம், ஒரு பொன்னாடையோடு சரி. யோகம்மா இப்போது கிளிநொச்சியில் ஆடைத் தொழிற்சாலைப் பிள்ளைகளின் விடுதி ஒன்றில் சமைக்கிறாள். சிறுபோகத்தில் அவளுக்கு வயல் இல்லை.

வவுனியாக் கூட்டத்துக்குப் போவதற்கு முன் அவளுக்கு அழைத்தேன். "யோகம், அங்க உன்ர பேரைச் சொல்லலாமே?" என்று கேட்டேன். பாத்திரச் சத்தத்துக்குள் கொஞ்சம் யோசித்தாள். "சொல்லுங்கோ அக்கா. வாய்க்காலையும் சேத்துச் சொல்லுங்கோ" என்றாள்.

அந்த மண்டபத்தில் கொழும்புத் தம்பி பேசி முடித்ததும், முன்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவரைப் பேச அழைத்தார்கள். எனக்கு அவரைத் தெரியாது. "ஐயாவுக்கு அறிமுகம் தேவையில்லை" என்றார் அறிவிப்பாளர். நான் சத்தமாகச் சிரித்தே விட்டேன். தர்சினி என் கையைப் பிடித்தாள். பெரியவர், இந்தச் சட்டம் எங்கள் பண்பாட்டுக்கு ஒவ்வாதது என்றார். சமூகத்துக்காக ஒரு அதிகாரியைப் போய்ச் சந்திக்கிற கண்ணியமானவர்களைப் பதியச் சொல்வது அவமானம் என்றார். "நாங்கள் யாருக்காகவும் வருவதில்லை. பொதுவாகவே பேசுகிறோம்" என்றார்.

கைதட்டல் ஓய்வதற்குள் எழுந்துவிட்டேன். ஒலிவாங்கி வரும்வரை நான் காத்திருக்கவில்லை.

"மங்கையர்க்கரசி. ஓய்வுபெற்ற அரசாங்க உத்தியோகத்தர். எனக்குச் சொந்தமா ஒரு வாய்க்காலும் இல்லை. நான் யோகம்மாவுக்காக வந்திருக்கிறன். கடைசி வாய்க்கால். அவாட்டக் கேட்டுப்போட்டுத்தான் வந்தனான்" என்றேன். "இப்ப ஐயா சொல்லுங்கோ. உங்களுக்கு எந்த வாய்க்கால்?"

"அம்மா, கேள்வி நேரம் கடைசியில" என்று அறிவிப்பாளர் ஓடி வந்தார். தர்சினி என் சேலையைப் பிடித்து இழுத்தாள். பெரியவர் தண்ணீர்ப் போத்தலின் மூடியைத் திருகினார், குடிக்கவில்லை, திரும்பவும் மூடினார். எல்லோரும் என்னை இருக்கச் சொன்னார்கள்.

நான் இருக்கவில்லை. அவர் பதில் சொல்லட்டும் என்று நின்றேன்.